புல்லட்டுக்கு நல்ல பேரல் எது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது ஒரகடம். 2010இல் இங்கே ரெனோ–நிசான் கார் ஆலை வந்தது. 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலை. 2013 ஏப்ரலில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியைத் தொடங்கியது. 2017இல் பக்கத்து வல்லம் வடகாலில் அதே நிறுவனம் இன்னோர் ஆலையைத் திறந்தது. 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட்டின் கதை இப்போது பெரும்பாலும் இந்தச் சாலைகளின் ஓரத்தில்தான் நடக்கிறது.

புதிய வண்டிகள் லாரி ஏறி வெளியூர் போக, ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்களின் வண்டிகளுக்கு நடுவே பதினைந்து, இருபது, முப்பது வயதான புல்லட்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில வண்டிகள் அப்பா ஓட்டியவை. அவற்றில் ஒன்று ஒருநாள் பின்னால் நீலப் புகையை விட்டபடி மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து நிற்கும். காதை வைத்துக் கேட்டுவிட்டு மெக்கானிக் சொல்வார்: “போர் போயிடுச்சுண்ணே. பிளாக்கை மாத்திடலாம்.” வண்டிக்காரர் தலையாட்டுவார். எந்த பிளாக், யார் செய்தது, எந்த அளவு, அதனுள் ஓடப்போகும் பிஸ்டன் எது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. விலை மட்டும் கேட்கப்படும். இன்ஜினின் அடுத்த பல ஆண்டு ஆயுளைத் தீர்மானிக்கப்போவது அந்தக் கேட்கப்படாத கேள்விகள்தான்.

பேரல், பிளாக், சிலிண்டர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடையில் எடுத்துத் தருவது ஒன்றையே: வெளியே காற்றில் குளிர்வதற்கான தகடுகள், நடுவே போர் எனப்படும் நேரான வட்டத் துளை. பழைய 350 புல்லட்டில் அந்தத் துளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் 346 சி.சி. வருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒரு விநாடியில் 50 முறை மேலே போய் 50 முறை கீழே வருகிறது. சராசரி வேகம் விநாடிக்கு 9 மீட்டர். மேலே வெடிப்பு, கீழே எண்ணெய், நடுவில் பிஸ்டன். இவற்றுக்கு இடையே எதையும் கசியவிடாமல் காப்பது அந்தத் துளையின் சுவரும் பிஸ்டனைச் சுற்றிய மூன்று ரிங்குகளும் மட்டுமே.

ராயல் என்ஃபீல்டின் பழைய சின்னத்தில் ஒரு பீரங்கி இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் ஸ்மித்தும் 1893 வாக்கில் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். அந்தப் பெருமையில் தங்கள் நிறுவனத்துக்கும் என்ஃபீல்டு என்றே பெயர் வைத்தார்கள். துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்று விளம்பரம் செய்தார்கள். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் வந்தது. 1950களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுக்க, அதை இங்கேயே செய்வதற்கு மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின.

துப்பாக்கிக் குழலுக்கும் இன்ஜின் சிலிண்டருக்கும் உள்ள உறவு இந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதில்லை. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினை வடிவமைத்துவிட்டுப் பல ஆண்டுகள் தவித்தார். அவருக்குக் கிடைத்த சிலிண்டர்கள் வட்டமாகவே இல்லை. பிஸ்டனைச் சுற்றி விழுந்த இடைவெளியை அடைக்க அட்டை, தக்கை என்று எதையெதையோ திணித்துப் பார்த்தும் நீராவி கசிந்தது. அவரைக் காப்பாற்றியவர் பீரங்கி செய்துகொண்டிருந்த ஜான் வில்கின்சன். 1774இல் பீரங்கியைத் துல்லியமாகக் குடைவதற்கான முறைக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். அதன் தொடர்ச்சியாக, இரு முனைகளிலும் தாங்கப்பட்ட தண்டில் வெட்டுளியைப் பொருத்தி, சிலிண்டரின் முழு நீளத்தையும் ஒரே அச்சில் குடையும் எந்திரத்தை உருவாக்கினார். 127 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில்கூடப் பிழை ஒரு நாணயத்தின் கனத்தைத் தாண்டவில்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன் 1776இல் வியந்து எழுதினார். இன்று ரீபோரிங் பட்டறையில் சுழலும் எந்திரம் அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

மாற்று உறுப்பு வாங்கிப் பொருத்தலாம் என்ற வசதி வேரூன்றியதிலும் துப்பாக்கித் தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் தனித்தனியாக அரம் போட்டுப் பொருத்தப்பட்டது. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சேராது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் எந்திரமும் அளவுக்கருவியும் கொண்டு ஒரே அச்சாக உறுப்புகளைச் செய்வதை 1854இல் ஒரு பிரிட்டிஷ் குழு நேரில் பார்த்தது. அதன்பின் அமெரிக்க எந்திரங்கள் என்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தன. 1857இல் சிப்பாய்களின் கொதிப்புக்குக் காரணமான கொழுப்புத் தோட்டா இந்த என்ஃபீல்டு மாடல் துப்பாக்கிக்கு உரியதுதான். அந்தக் கதை நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே துப்பாக்கி உலகத் தொழில் வரலாற்றில் பெற்ற இடம் பாடப்புத்தகத்தில் இல்லை.

அந்த வரலாற்றில் பேரல் வாங்குகிறவருக்கு நேரடியாக உதவும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் லீ–மெட்ஃபோர்டு ரைஃபிளை ஏற்றது. வில்லியம் மெட்ஃபோர்டு வடிவமைத்த அதன் குழலுக்குள் ஆழமில்லாத, முனை மழுங்கிய ஏழு வரிப்பள்ளங்கள் சுழன்று ஓடின. கருமருந்து விடும் கசடு படியாமலிருக்க அது அருமையான ஏற்பாடு. பிறகு கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. அதன் கடும் வெப்பத்தில் அந்த மெல்லிய பள்ளங்கள் வேகமாகத் தேய்ந்து மறைந்தன. 1895இல், சதுர முனையும் கூடுதல் ஆழமும் கொண்ட ஐந்து பள்ளங்களுடன் என்ஃபீல்டு குழல் வந்தது, லீ–என்ஃபீல்டு பிறந்தது. மெட்ஃபோர்டின் குழலில் பழுது எதுவும் இல்லை. அதனுள் ஓடியது மாறியதால் அது பொருந்தாமல் போனது.

வேட்டை வழக்கத்தில் உள்ள நாடுகளில் ரைஃபிளுக்கு மாற்றுக் குழல் வாங்குகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எந்த நீளமுள்ள தோட்டா சுடப்போகிறோம், அதற்கு ஏற்ற சுழற்சி குழலில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நீளமான தோட்டா நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி தேவை. அடுத்தது, குழலின் உள்விட்டம் தொடக்கம் முதல் முனை வரை ஒரே சீராக இருக்கிறதா என்பது. நல்ல குழல் செய்கிறவர்கள் துளைக்குள் ஈயத்தை வார்த்து ஓர் அச்சு எடுத்து, அதில் தேய்ப்புப் பசை தடவி முன்னும் பின்னும் இழுப்பார்கள். எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கை உணரும். இறுகும் இடத்தை மட்டும் கூடுதலாகத் தேய்ப்பார்கள். இந்தியாவில் இந்தச் சந்தை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உறுப்புகளையும் ஆயுதமாகவே கருதுகிறது. நம் ஊரில் ஒரு குழலைப் பார்த்து வாங்கும் வாய்ப்பு சாதாரண மனிதருக்குக் கிடைப்பது மெக்கானிக் ஷெட்டில்தான்.

வாங்குவதற்கு முன்னால், மாற்ற வேண்டியது பேரல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில் வீணாகும் பணம் கொஞ்சமல்ல. புகை எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங்கையோ போரையோ சந்தேகிக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கி, மறுபடி திறக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வு கைடில் தேய்மானம் இருக்கலாம். பல நாள் நிறுத்தி வைத்த பழைய புல்லட் கிளம்பியதும் சிறிது நேரம் புகைவிட்டு நின்றுவிடுமானால், எண்ணெய் மெல்ல கிராங்க் கேசுக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். அதற்குப் பேரலை மாற்றுவது வீண்.

பழைய ஆட்களிடம் ஒரு சோதனை உண்டு. கம்ப்ரஷன் வரும் இடத்தில் கிக்கரை நிறுத்தி, அதன் மேல் உடல் எடையைப் போட்டு நிற்பார்கள். நல்ல இன்ஜின் தாங்கும். தேய்ந்த இன்ஜினில் கிக்கர் மெதுவாக இறங்கிவிடும். கசிவு எங்கே என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க கம்ப்ரஷன் கேஜில் ஒரு முறை அளவெடுத்துவிட்டு, பிளக் துளை வழியே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆயில் ரிங்கைச் சுற்றி நின்று தற்காலிகமாக அடைக்கும். இரண்டாவது அளவு கூடினால் பிரச்சினை ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. மாறாமல் அப்படியே நின்றால் பார்க்க வேண்டியது வால்வை. அரைமணி நேர வேலை. பேரலுக்குப் பணம் கொடுக்குமுன் இதைச் செய்யச் சொல்லும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு.

ஹெட்டைக் கழற்றிய பிறகு கண்ணால் பார்த்து முடிவு செய்வது இரண்டாவது தவறு. கீறல் தெரியும், நிறம் தெரியும், தேய்மானம் தெரியாது. போர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில், மேல் ரிங்குக்குக் கீழே இருக்கும் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது. வெடிப்பின் அழுத்தமும் வெப்பமும் அங்கேதான் உச்சம். அதனால் துளையின் மேற்பகுதி அதிகமாகத் தேயும், அடிப்பகுதி ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் கூடுதலாக உரசும். வட்டமாகத் தொடங்கிய துளை நாளடைவில் மேலே அகன்று, முட்டை வடிவில் நெளிந்துவிடுகிறது. வளையமான ரிங் அந்த நெளிவைத் தொடர்ந்து அணைத்துப் போக முடியாது.

ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் போர் டயல் கேஜை விட்டு அளக்க வேண்டும். ஆறு எண்கள் கிடைக்கும். அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் வரம்போடு ஒப்பிட்டால், ரிங் மட்டும் போதுமா, போர் போட வேண்டுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தயங்காமல் எழுதித் தருகிற பட்டறை கிடைத்துவிட்டால் கவலையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்திருப்பவருக்கு வழிகள் மூன்று. இருக்கும் பேரலையே கொஞ்சம் பெரிதாகக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். துளையை இன்னும் அகலமாக்கி உள்ளே புது ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். அல்லது பிஸ்டனும் பேரலும் சேர்ந்த புது கிட்டே வாங்கலாம்.

முதல் வழியைப் பலர் ஏழைகளின் வழி என்று நினைக்கிறார்கள். தவறான எண்ணம். பல ஆண்டுகள் சூடாகிக் குளிர்ந்து, உள்ளிருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து நிலைத்த வார்ப்பிரும்பு அது. நல்ல கையில் கொடுத்துப் போர் போட்டால் சந்தையில் கிடைக்கும் பல புது கிட்களைவிட நன்றாக ஓடும். அரை மில்லிமீட்டர் கூட்டினால் 346 சி.சி. 351 ஆகும், ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. செய்யும் வரிசைதான் முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டறைக்காரர் மைக்ரோமீட்டரில் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத் துளையைக் குடைய வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிக் குடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டனைத் தேடுகிற இடத்தில் வேலை கொடுக்கக் கூடாது.

காரணம், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான். பிஸ்டன் அலுமினியக் கலவை, பேரல் வார்ப்பிரும்பு. 100 டிகிரி சூடேறினால் 70 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 0.15 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு இரும்பு அதில் ஏறக்குறைய பாதிதான் விரியும். இடைவெளி குறைவாக இருந்தால், கோடையில் நெரிசலில் ஊர்ந்து சூடேறும்போது பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொள்ளும். சீஸ் ஆவது என்று ஷெட்டில் சொல்வது இதைத்தான். இடைவெளி கூடினால் பிஸ்டன் ஆடும், ரிங் தேயும், எண்ணெய் எரியும். பிஸ்டனே முழு வட்டம் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சூடேறும்போது வட்டமாகட்டும் என்று அதைச் சற்றே நீள்வட்டமாகவும் மேலே குறுகலாகவும் செய்கிறார்கள். பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில், அடிப்பகுதியில், அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட உயரத்தில் அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும்.

குடைந்த துளை முடிந்த துளை அல்ல. உளி விட்டுச்செல்லும் வரிகளை ஹோனிங் கல் நீக்க வேண்டும். கல் சுழன்றபடியே மேலும் கீழும் போவதால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் விழுகின்றன. எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் துளை முழுவதும் சீரான சாய்சதுரக் கோலம் தெரிய வேண்டும். முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடியாகப் பளபளக்கும் பேரலைக் கடைக்காரர் பெருமையோடு காட்டினால் வாங்க வேண்டாம். அந்தச் சுவரில் எண்ணெய் நிற்காது, ரிங்கும் படியாது. மேலாக ஒரு பகுதியில் மட்டும் கோடு போட்டு ஒப்பேற்றிய பேரல்களும் வருகின்றன. துளையின் அடிவரை பார்க்க வேண்டும்.

ஒரகடம் தொழிற்பட்டியில் உள்ள இன்ஜின் ஆலைகளிலும் அவற்றுக்கு உறுப்பு செய்யும் நிறுவனங்களிலும் அளவெடுக்கும் அறை தனியாக இருக்கும்; அங்கே குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குளிர் இரும்புக்காக. நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்பட வேண்டும் என்று 1931இலேயே உலக அளவில் முடிவாகிவிட்டது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் 40 டிகிரி வெயிலில் கிடந்த பேரலை, குளிர்ந்த அறையில் சரிபார்த்த கேஜை வைத்து உடனே அளந்தால், விட்டம் 0.015 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். விட வேண்டிய இடைவெளியே அதைப் போல நான்கைந்து மடங்குதான் என்னும்போது இது சின்னப் பிழை அல்ல. சாலையோரப் பட்டறையில் குளிரூட்டிய அறை கிடையாது; தேவையும் இல்லை. பேரல், பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜ் நான்கும் ஒரே நிழலில் சில மணி நேரம் இருந்து ஒரே சூட்டுக்கு வந்தபின் அளந்தால் போதும். ஹோனிங் முடிந்த சூட்டோடு சூடாக அளந்து “சரியா இருக்கு” என்று கட்டிக்கொடுப்பதுதான் ஆபத்து.

இன்னும் கவனமான பட்டறைகள் ஹோனிங் செய்யும்போது பேரலின் மேல் கனத்த இரும்புத் தகடு ஒன்றை வைத்து, ஹெட்டை முறுக்கும் அதே அளவுக்கு முறுக்குகின்றன. நட்டு இறுகும்போது துளை நுணுக்கமாக நெளியும். நெளிந்த நிலையிலேயே வட்டமாக்கினால், வண்டியில் பொருத்தியபின் வட்டமாகவே நிற்கும். இந்த வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைத்தால் கூடுதல் கூலி கொடுக்கத் தயங்க வேண்டாம்.

ஸ்லீவ் வழி, பல முறை குடைந்து சுவர் மெலிந்துவிட்ட பேரலுக்கு உரியது. பேரலைச் சூடாக்கி இறுக்கமாக இறக்க வேண்டும். ஸ்லீவின் வெளிப்புறமும் பேரலின் உட்புறமும் முழுக்கப் பதிய வேண்டும். இடையில் எங்கேனும் காற்று நின்றால் சூடு தகடுகளுக்குப் போய்ச் சேராது. காற்றில் மட்டுமே குளிரும் இன்ஜினுக்கு அது ஆயுள் குறைப்பு. நல்ல ஸ்லீவ்கள் சுழலும் அச்சில் உருகிய இரும்பை ஊற்றிச் செய்யப்படுகின்றன. சுழற்சியில் கனமான இரும்பு வெளியே தள்ளப்படும். எடை குறைந்த கசடு உட்பக்கம் சேரும். அந்த உட்பக்கத்தைக் கடைந்து எடுத்துவிட்டால் மீதி அடர்த்தியான உலோகம்.

புதிதாக வாங்குகிறவருக்குக் கடைத்தெரு பெரியது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது உறுப்புகள், புதுப்பேட்டையில் பழையவை. பிஸ்டன் தொழிலுக்கு இந்த நகரத்தில் ஆழமான வேர் உண்டு. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. ரிங் செய்யும் ஐ.பி. ரிங்ஸ் ஒரகடத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில், மறைமலைநகரில் இருக்கிறது. வண்டி செய்த நிறுவனத்தின் உறுப்பு கிடைக்கும் மாடலுக்கு அதை வாங்குவதே நல்லது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அளவெடுப்புக்காகத்தான். வார்ப்பிரும்பு இன்ஜின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2023இல் வந்த புதிய புல்லட்டில் இருப்பது 72 மில்லிமீட்டர் துளையுள்ள 349 சி.சி. இன்ஜின், அதன் பேரல் பழைய வண்டிக்குச் சேராது. பழைய வண்டிக்காரர் வெளிச்சந்தைக் கிட்டைத்தான் நாட வேண்டியிருக்கும்.

அப்போது பெட்டியைப் பார்க்க வேண்டும். பொட்டலப் பொருளுக்கு உற்பத்தியாளர் பெயர், முகவரி, மாதம், விலை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அவை இல்லாத கிட்டைத் தள்ளிவிடலாம். பிறகு பேரலைக் கையிலெடுத்து, அடியிலுள்ள முகமும் மேலுள்ள முகமும் சுத்தமாகக் கடையப்பட்டிருக்கின்றனவா, துளை அடிமுகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா, மொத்த உயரம் பழைய பேரலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் குறைந்தால் கம்ப்ரஷன் மாறும். பிஸ்டன் வால்வைத் தொடும் ஆபத்தும் உண்டு. ஸ்டட் துளைகள் பழைய கேஸ்கெட்டோடு பொருந்த வேண்டும். வார்ப்பில் மணல் குழிகளும் தகடுகளில் விரிசலும் கூடாது. இத்தனையும் சரியாக இருந்தாலும், கிட்டில் வரும் பிஸ்டனையும் துளையையும் பட்டறையில் ஒருமுறை அளந்துவிட வேண்டும். ஒரே பெட்டியில் வந்ததால் மட்டும் இரண்டும் ஜோடி ஆகிவிடாது. இது கடைக்காரரை அவமதிப்பது அல்ல. மெட்ஃபோர்டின் குழலுக்கு நேர்ந்தது எந்தப் பேரலுக்கும் நேரலாம்.

அலுமினியப் பேரல்கள் சிலவற்றில் உட்சுவரில் நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு இருக்கும். மிகக் கடினமானது, மிக மெல்லியது. அதைச் சாதாரண முறையில் போர் போட முடியாது. தேய்ந்தால் பெரும்பாலும் மாற்ற வேண்டியதுதான். வண்டி எதுவானாலும், பேரல் எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகே பட்டறைக்குப் போக வேண்டும்.

இனி பொருத்துவது. ஹோனிங் முடிந்த துளையில் கல் தூளும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் தூள் கோடுகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வெந்நீரும் சோப்பும் பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் சில நிமிடங்களில் துரு பிடிக்கும். ரிங்கைத் தனியே துளைக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். 70 மில்லிமீட்டர் போருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவான கணக்கு. இடைவெளியே இல்லையென்றால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

ஓடத் தொடங்கிய முதல் சில நூறு கிலோமீட்டர்தான் ரிங் சுவரில் படியும் காலம். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது, உயர் கியரில் இன்ஜினைத் திணறவிடக் கூடாது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிவிட்டு, ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். முதலில் தேயும் இரும்புத் தூள் அதில் கலந்திருக்கும். ஏர் ஃபில்டரையும் அதே நாளில் மாற்றிவிட வேண்டும். ஒரகடம் சாலைகளில் கண்டெய்னர் லாரிகளும் கட்டுமானத்துக்கு மணல் ஏற்றிய டிப்பர்களும் கிளப்பும் தூசியில் இருப்பது சிலிக்கா. ஃபில்டரில் ஒரு கிழிசல், கார்புரேட்டர் இணைப்பில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அந்தத் தூசி எண்ணெயோடு கலந்து தேய்ப்புப் பசையாகிவிடும். முதல் பேரலைத் தின்றது அந்தத் தூசியாக இருந்தால், புதுப் பேரலையும் அது விடாது.

கழற்றிய பழைய வார்ப்பிரும்புப் பேரலைக் காயலான் கடையில் எடைக்குப் போட வேண்டாம். தகடுகள் உடையாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் இன்னும் ஒரு ஓவர்சைஸுக்கோ ஒரு ஸ்லீவுக்கோ அதில் இடம் இருக்கும். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, கடைசியாகக் குடைந்த அளவை எழுதிய சீட்டையும் அதோடு கட்டி வைக்கலாம்.